கையகலக் கொல்லைப்புறத்தில் என்னவெல்லாம் செய்யலாம்

செல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினான்கடி இடம் இருக்கிறது. இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். கிரைண்டர் கழுவுவது, துணி காயப்போடுவது, சாயங்காலம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது எல்லாம் அங்கேதான். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன நடலாம் என்று தெருவில் பலரும் கேட்கிறார்கள். நடுவதை அப்புறம் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் கவனியுங்கள். சித்திரை வைகாசியில் நிற்க முடியாததால்தான் நம் ஊரில் பாதி வீட்டுக் கொல்லை பழைய சாமான் போடும் இடமாகிவிடுகிறது.

ஆகவே முதல் செலவு பந்தல். மேற்குச் சுவர் ஓரமாக நான்கு சவுக்குக் கம்பு ஊன்றி, ஏழடி உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுக்கம்பி இழுங்கள். அதற்குக் குறைந்தால் துணி உலர்த்தும்போது தலையில் தட்டும். எல்லாரும் ஆடியில் அவரை போடுவார்கள். நல்ல காய்தான், ஆனால் தை மாசியோடு ஓய்ந்துவிடும். நிழல் வேண்டிய நேரத்தில் பந்தல் மொட்டையாக நிற்கும். கோவைக்கொடி வருஷக்கணக்கில் நிற்கும். அதை விதை போட்டு வளர்க்காதீர்கள், ஆண்கொடியாக வந்தால் பூவோடு சரி. நன்றாகக் காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் கனத் தண்டை ஒரு சாண் வெட்டி, ஈர மண்ணில் செருகினால் துளிர்த்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். அரிசி களைந்த தண்ணீர், உளுந்து ஊறிய தண்ணீர் இரண்டையும் கொடிக்கும் கறிவேப்பிலைக்கும் அப்படியே ஊற்றலாம். கிரைண்டர் கழுவிய தண்ணீர் வேறு. மாவு மண்மேல் படிந்து புளித்து நாறும், எறும்பு கூடும். இரண்டு மடங்கு தண்ணீர் சேர்த்து, தினமும் இடம் மாற்றி ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் கீரைப் பக்கமே போகக் கூடாது. துவைக்கிற கல்லிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, அது முடியும் இடத்தில் நாலு கல்வாழை வைத்தால் குடித்துக்கொள்ளும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற அன்றைக்கு மட்டும் வாய்க்காலை அடைத்துச் சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள்.

முழுக்கச் சிமென்ட் பூசிவிடலாமே என்று ஆசை வரும். சேறு மிதிக்கிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் பூசிவிட்டால் ராத்திரி வரை தரை அனல் கக்கும், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது. துவைக்கிற கல்லைச் சுற்றியும் கதவு வரை நடக்கவும் பூசினால் போதும். மற்ற இடத்தில் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி, இடுக்கில் மணல் தூவுங்கள். வாட்டம் வீட்டுச் சுவரைவிட்டு வெளிப்பக்கம் இருக்கட்டும்.

500 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 460 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தெருவில் ஓட விடலாமா? மாடிக் குழாயை டிரம்மில் விடுங்கள். டிரம் வாயில் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள்; டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

கீரைக்குத் தரையே வேண்டாம். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மட்கிய சாணமும் சரிபாதியாக நிரப்பி, சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். 25 நாளில் பிடுங்கலாம். எறும்பு விதையை விட்டு மாவைத் தூக்கிப் போகட்டும் என்று, பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவு தூவிவிடுவேன். மாவுக்கு என் வீட்டில் பஞ்சமா?

மல்லிகை ஒரு செடி போதும். ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிற கன்றாகக் கேட்டு வாங்குங்கள். பந்தல் நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும், வெயில் விழுகிற மூலையில் வையுங்கள். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, தொழுவுரம் போட்டால் பங்குனி வாக்கில் பூக்கத் தொடங்கும். விடிந்ததும் மொட்டாகவே பறித்துவிட வேண்டும்.

முருங்கை மட்டும் வேண்டாம். கம்பளிப்பூச்சி ஏறினால் கொடியில் ஒரு துணி காயப்போட முடியாது. கீரை வேண்டுமென்றால் மரம் இருக்கிற வீட்டில் கேளுங்கள், ஒடித்துக் கொடுப்பார்கள்.