பழைய ரெட்மி நோட் 4-க்குப் புது ஆண்ட்ராய்டு: முதல்முறை செய்பவர்களுக்கு

நம் பக்கத்தில் பழைய போனை யாரும் சட்டென்று தூக்கிப் போடுவதில்லை. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, அங்கிருந்து ஊரில் இருக்கும் ஆச்சிக்கு என்று அது கைமாறிக்கொண்டே இருக்கும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் சுளகுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும் போனைப் பாருங்கள். ஸ்கிரீன் நன்றாக இருக்கும், ஸ்பீக்கர் நன்றாக இருக்கும். நின்றுபோனது அப்டேட் மட்டும்தான். ஆப்கள் ஒவ்வொன்றாக "இந்த வெர்ஷனில் ஓடாது" என்று கைவிரிக்க, நல்ல போன் ஒன்று அலமாரிக்குள் போய்விடுகிறது. எனக்கு இது மனசு ஆறாத விஷயம். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ரெட்மி நோட் 4-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த போன். ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டு 7-ஓடு நின்றது. ஆனால் லினியேஜ்ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு இதற்குக் கிடைக்கிறது. சயனோஜென்மாட் என்ற பழைய திட்டம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது, அதில் இருந்த தன்னார்வலர்கள் அதே நிரலை வைத்துத் தொடர்ந்ததுதான் இது. உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதேதான். பட்டன்களும் அன்லாக் முறையும் மாறும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜிபே, போன்பே, பேங்க் ஆப் எல்லாம் வைத்து நீங்கள் தினமும் புழங்கும் போனில் இதைச் செய்யாதீர்கள். போன் எழும்போது முதலில் ஓடி, எந்தச் சிஸ்டத்தை எழுப்பலாம் என்று முடிவு செய்யும் நிரல்தான் பூட்லோடர். அதன் பூட்டைத் திறந்த போனில் அந்த ஆப்கள் ஓட மறுக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது போன்தான் இதற்குச் சரி.

போனின் உள்பெயரைக் கண்டுபிடியுங்கள்

ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன்கள் உண்டு. இந்தியாவில் விற்றது ஸ்னாப்டிராகன் சிப் உள்ளது. அதன் உள்பெயர் மிடோ. 2016-இல் சீனாவில் வந்ததோ மீடியாடெக் சிப் உள்ளது. அதன் உள்பெயர் நிக்கல். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவிலிருந்து சித்தப்பா, மாமா கொண்டுவந்து கொடுத்த போன்கள் நிறைய உண்டு. வெளிநாட்டில் வாங்கிய போனாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஒன்றின் ஃபைலை மற்றதில் ஏற்றினால் போன் எழுந்திருக்காமலே போகலாம். பெட்டியில் போட்ட பெயரை நம்பாமல் போனிடமே கேட்பதுதான் முறை. எப்படிக் கேட்பது என்று கீழே வருகிறது.

கையில் இருக்கவேண்டியவை

விண்டோஸ் லேப்டாப், நல்ல டேட்டா கேபிள், போனில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ். டெஸ்க்டாப்தான் இருக்கிறது என்றால் யுபிஎஸ் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று நம் ஊரில் காலை 9 மணிக்கே கரண்டை நிறுத்துவார்கள். அறிவிப்பைப் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற ஜிப்பை இறக்கி, சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் விரித்து வையுங்கள். லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அப்புறம் லினியேஜ்ஓஎஸ் தளத்தில் மிடோ பக்கத்துக்குப் போய், ரோம் (அதாவது புது சிஸ்டம்) ஜிப்பையும், அதை ஏற்ற உதவும் ரெக்கவரி என்ற சிறு சிஸ்டத்தின் இமேஜ் ஃபைலையும் எடுங்கள். ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் மைண்ட்-தி-கேப்ஸ் தனி ஜிப். அதில் இந்தப் போனின் சிப்புக்கான ஆர்ம்64 ரகத்தை, ஆண்ட்ராய்டு எண் பொருந்துகிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும். லினியேஜ் 20 என்றால் ஆண்ட்ராய்டு 13, லினியேஜ் 21 என்றால் 14, லினியேஜ் 22 என்றால் 15.

ரோம் ஃபைல் ஒரு ஜிபியை ஒட்டி இருக்கும். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது டவுன்லோடு பாதியில் அறுந்து, முழுசாக இறங்கியதுபோல் காட்டுவதுண்டு. தளத்தில் ஃபைலுக்குப் பக்கத்தில் ஷா256 என்று ஒரு நீண்ட எண்வரிசை இருக்கும். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையை ஹாஷ்ஃபைல் என்ற தேர்வோடு, ஃபைல் பெயருக்குப் பின்னால் ஷா256 என்றும் சேர்த்து ஓட்டினால் உங்கள் ஃபைலின் வரிசை வரும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு நிமிட வேலைதான், சோம்பல்படாமல் செய்யுங்கள்.

பூட்லோடரைத் திறப்பது

இதில் வேலை கொஞ்சம், காத்திருப்புதான் அதிகம். முதலில் கம்பெனியின் சொந்தச் சிஸ்டமான எம்ஐயுஐ-இன் கடைசி அப்டேட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னலைக் கவனிக்கும் மோடம் நிரல் போன்றவற்றை ஃபர்ம்வேர் என்பார்கள். நாம் ஏற்றும் ரோம் அதைத் தொடாது, பழையதையே நம்பி ஓடும். அது கடைசி வெர்ஷனில் இருப்பது நல்லது.

செட்டிங்ஸில் எம்ஐயுஐ வெர்ஷன் என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்து, மி அன்லாக் ஸ்டேட்டஸில் உங்கள் மி அக்கவுன்டைச் சேருங்கள். சேர்க்கும்போது வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் இருக்கவேண்டும். இனி கேபிளை மாட்டி, லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்குள் கமாண்ட் விண்டோவைத் திறந்து "ஏடிபி ரீபூட் பூட்லோடர்" கட்டளையைக் கொடுங்கள். இங்கே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவேண்டும். போனில் முயல் படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட். வால்யூம் டவுன், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் இங்கே வரலாம். இப்போது "ஃபாஸ்ட்பூட் கெட்வார் ப்ராடக்ட்" என்று அடித்தால் போன் தன் உள்பெயரைச் சொல்லும். மிடோ என்று வந்தால் மேலே போகலாம். வேறு பெயர் வந்தால் இந்த ஃபைல்களோடு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

லேப்டாப்பில் மி அன்லாக் டூலை ஓட்டினால், 168 மணி நேரம் கழித்து வா என்பதுபோல ஒரு செய்தி வரலாம். ஏழு நாள். பொறுத்துத்தான் ஆகவேண்டும். அவசரப்பட்டு அக்கவுன்டை மறுபடி மறுபடி சேர்த்தால் கணக்கு முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்ததும் டூலை மறுபடி ஓட்டுங்கள். அன்லாக் ஆகும்போது போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். அதற்குள் படங்களையும் காண்டாக்டையும் வாட்ஸ்ஆப் பேக்கப்பையும் வெளியே எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளை பிறந்த நாளில் எடுத்த படம் ஆச்சியின் போனில் மட்டும்தான் இருக்கும். அதைக் கேட்காமல் அழித்துவிடாதீர்கள்.

ஐஎம்இஐ பேக்கப்

பலரும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் டயல் செய்து வரும் இரண்டு ஐஎம்இஐ எண்களையும் (நெட்வொர்க் உங்கள் போனை அடையாளம் காணும் எண்கள்) ஒரு பேப்பரில் எழுதுங்கள். அடுத்து டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியின் மிடோ இமேஜை இறக்கி, "ஃபாஸ்ட்பூட் பூட்" என்று அடித்து, அந்த ஃபைல் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். ஃபிளாஷ் (போனில் நிரந்தரமாக எழுதுவது) அல்ல, பூட். போனில் எதையும் எழுதாமல் தற்காலிகமாக அது எழுந்து நிற்கும். சிஸ்டத்தை மாற்றலாமா என்று கேட்டால் ரீட் ஒன்லி என்பதைத் தொடுங்கள். பேக்கப்பில் இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் இரண்டையும் டிக் செய்து எடுத்து, லேப்டாப்புக்கு நகலெடுங்கள். நெட்வொர்க்கின் அடையாளம் இஎஃப்எஸ்ஸில்தான் இருக்கிறது. அது கெட்டால் சிம் போட்டும் சிக்னல் வராது. வேறு ஐஎம்இஐ எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

ரோமை ஏற்றுவது

மறுபடி ஃபாஸ்ட்பூட்டுக்கு வந்து, "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி", அதையடுத்து லினியேஜ் ரெக்கவரி ஃபைலின் பெயர். முடிந்ததும் போனைச் சாதாரணமாக எழவிடாதீர்கள். எழுந்தால் பழைய சிஸ்டம் தன் ரெக்கவரியை மேலே எழுதிவிடும். அணைத்து, உடனே வால்யூம் அப், பவர் இரண்டையும் அழுத்தி ரெக்கவரிக்குள் போங்கள்.

அங்கே ஃபேக்டரி ரீசெட்டில் ஃபார்மட் டேட்டா கொடுங்கள். பின்னால் வந்து அப்ளை அப்டேட், அதில் அப்ளை ஃப்ரம் ஏடிபி. லேப்டாப்பில் "ஏடிபி சைட்லோட்" என்று அடித்து ரோம் ஜிப்பின் பெயரைச் சேருங்கள்.

சதவீதம் ஓடிக்கொண்டே வந்து 47-இல் நிற்கும். எனக்குத் தெரிந்த பையன்கள் இந்த இடத்தில்தான் முகம் வெளிறி, "47-லயே நிக்கு, போச்சாண்ணே?" என்று கேட்பார்கள். போகவில்லை. கேபிளைப் பிடுங்காதீர்கள், கண்ணை லேப்டாப்பிலிருந்து எடுத்துப் போன் ஸ்கிரீனைப் பாருங்கள். வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும். கடைசியில் லேப்டாப்பில் 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்' என்று சொல்லி, அதே வரியில் 'சக்சஸ்' என்றும் வந்தால் அது வெற்றிதான்.

கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் இப்போதே ஏற்றவேண்டும், போன் முதல்முறை எழுவதற்கு முன்னால். ரெக்கவரிக்குள்ளேயே இன்னொரு முறை ரெக்கவரிக்கு ரீபூட் செய்து, அதேபோல் சைட்லோட். கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்று கேட்கும். அது லினியேஜ் கையொப்பமிட்ட ஃபைல் இல்லை என்பதால் அப்படி. யெஸ் கொடுங்கள். ரோம் ஜிப்புக்கே இந்தக் கேள்வி வந்தால் மட்டும் நிறுத்தி, ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

ரீபூட். முதல் எழுச்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம்.

சிஸ்டம் ஃபைலைத் தொடும் முன்

புது ஆண்ட்ராய்டு ஓட ஆரம்பித்ததும் கை சும்மா இருக்காது. ஆனால் முன்பு சிஸ்டம் ஃபைலைத் திருத்திச் செய்த பல வேலைகளுக்கு இப்போது அது தேவையில்லை. ஆச்சிக்கு எழுத்தும் ஐகானும் பெரிதாக வேண்டுமா? புது சிஸ்டத்திலும் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்துவிட்டு, "ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி" என்று அடித்தால் இப்போதைய எண் வரும். அதைவிட 30, 40 கூட்டி அதே கட்டளையின் கடைசியில் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் "ரீசெட்". விளம்பரத்தைக் குறைக்க ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்தியதும் பழைய காலம்; அதற்கு உதவும் பிரைவேட் டிஎன்எஸ் ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

போன் எழும்போது ஓடும் படமான பூட் அனிமேஷனை மாற்றுவதற்குச் சிஸ்டம் ஃபைல் வேண்டும். இதற்கு மேஜிஸ்க் என்ற ஆப். அசல் ஃபைலைத் தொடாமல் அதற்கு மேல் நம் ஃபைலைக் காட்டும் ஏற்பாடு இது. சுவர் பெயிண்டைச் சுரண்டாமல் மேலே காலண்டர் மாட்டுவதுபோல. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ரோம் ஜிப்புக்குள் இருக்கும் பூட் இமேஜைப் போனுக்கு நகலெடுத்து, மேஜிஸ்க் ஆப்பில் பேட்ச் செய்யுங்கள், அதாவது அதில் மேஜிஸ்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு ஃபோல்டரில் பேட்ச் ஆன ஃபைல் வரும். அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்து "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்" கொடுங்கள். பேட்ச் செய்யாத அசல் இமேஜையும் பத்திரமாக வையுங்கள்.

இனி படங்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரதவீதியில் திரும்பும் வீடியோ உங்களிடம் இருக்கும், இல்லையென்றால் குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி ஆறு ஓடும் காட்சி. இரண்டு மூன்று விநாடியை வெட்டி, தனித்தனிப் படங்களாகப் பிரித்து, அகலம் 720, உயரம் 720 ஆக்கிக்கொள்ளுங்கள். 0001, 0002 என்று வரிசையாகப் பெயர் வையுங்கள், எல்லாவற்றுக்கும் நான்கு இலக்கம். பார்ட்0 என்ற ஃபோல்டரில் ஒருமுறை மட்டும் ஓடவேண்டியவை, பார்ட்1-இல் போன் எழும்வரை திரும்பத் திரும்ப ஓடவேண்டியவை.

பக்கத்திலேயே டெஸ்க் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். முதல் வரி: 720 720 24, அதாவது அகலம், உயரம், விநாடிக்கு எத்தனை படம். இரண்டாம் வரியில் சி என்ற ஆங்கில எழுத்து, 1, 0, பார்ட்0. மூன்றாவதில் பி என்ற எழுத்து, 0, 0, பார்ட்1. சி போட்டால் போன் எழுந்துவிட்டாலும் அந்தப் பகுதி முழுசாக ஓடி முடியும். பி போட்டால் எழுந்ததும் நின்றுவிடும். முதல் எண் எத்தனை முறை என்பது, 0 என்றால் முடிவில்லாமல். அடுத்தது இடைநிறுத்தம். கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் கட்டாயம்.

இவற்றை ஜிப் ஆக்கும்போது சுருக்கக்கூடாது. 7-ஜிப்பில் கம்ப்ரெஷன் லெவல் ஸ்டோர் என்று வையுங்கள். வெளியே இன்னொரு ஃபோல்டர் சுற்றியிருக்கவும் கூடாது. கறுப்புத் திரை மட்டும் வருகிறது என்று சொல்பவர்களின் ஜிப்பைத் திறந்து பார்த்தால் அனேகமாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பூட்அனிமேஷன் என்று இடைவெளி இல்லாமல் பெயர் வைத்து, ரூட் வசதியுள்ள (சிஸ்டம் ஃபோல்டர்களையும் திறக்கும்) ஃபைல் மேனேஜரில் டேட்டா → ஏடிபி → மாட்யூல்ஸ் என்று போய், அங்கே நெல்லைத்தேர் என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதனுள் சிஸ்டம் → ப்ராடக்ட் → மீடியா என்ற வரிசையில் ஃபோல்டர்கள், கடைசியில் நம் ஜிப். நெல்லைத்தேர் ஃபோல்டரிலேயே மாட்யூல் டாட் ப்ராப் என்ற சிறு டெக்ஸ்ட் ஃபைலும் வேண்டும். ஐடி, நேம், வெர்ஷன், வெர்ஷன்கோட், ஆத்தர், டிஸ்கிரிப்ஷன் ஆறும் ஆறு வரியாக, ஒவ்வொன்றுக்கும் சமக்குறி போட்டு. ஐடி ஃபோல்டர் பெயரேதான், வெர்ஷன்கோட் வெறும் எண். ரீபூட் செய்தால் தேர் ஓடும்.

எழாமல் நின்றால்

மாட்யூலால், அதாவது மேஜிஸ்கில் நாம் சேர்த்த ஃபோல்டரால், சிக்கல் என்றால் எழும்போது வால்யூம் டவுனை அழுத்திப் பிடியுங்கள். போன் சேஃப் மோடில் எழும், மேஜிஸ்க் மாட்யூல்கள் அணைந்திருக்கும். அதற்கும் மசியவில்லையா, எடுத்து வைத்த அசல் பூட் இமேஜை ஃபிளாஷ் செய்யுங்கள்.

கம்பெனி சிஸ்டத்துக்கே திரும்ப நினைத்தால் மி ஃபிளாஷ் டூல் இருக்கிறது. அதன் அடியில் உள்ள தேர்வுகளில் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' முன்பே தேர்வாகி இருக்கலாம். அதை 'கிளீன் ஆல்' என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். தவறான ஃபைலோடு பூட்லோடர் பூட்டிக்கொண்டால் அப்புறம் ஃபாஸ்ட்பூட்டில் எதையும் எழுத விடாது. லினியேஜ் ஓடும்போது லாக் கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

லினியேஜ் அப்டேட் செட்டிங்ஸுக்குள்ளேயே வரும். ஏற்றிய பிறகு தேர் காணாமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை. புதிய ரோம் ஜிப்பிலிருந்து பூட் இமேஜை எடுத்து மறுபடி பேட்ச் செய்யுங்கள். போன மாத ஜிப்பிலிருந்து எடுத்த இமேஜ் இந்த மாத ரோமுக்கு ஆகாது.