புதிய கெர்னல் போடும் முன் பழையதற்கு வழி வையுங்கள்

டெபியன் லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பில் கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் சிஸ்டத்தின் மையப் பகுதியை, மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்து போடுவது வழக்கம். செய்முறை கடினமில்லை. புதிய கெர்னல் எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பும் வழியைத்தான் முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

தேவையான மென்பொருள்கள்: பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, டெப்ஹெல்ப்பர், அப்புறம் ஓபன்எஸ்எஸ்எல், எல்ஃப், என்கர்சஸ் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள். டிஸ்க்கில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதியிலும் இடம் பாருங்கள்.

கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பை எடுங்கள், நான் 6.12 வரிசையை வைத்திருக்கிறேன். கூடவே இருக்கும், கோப்பு அசல்தானா என்று பார்க்க உதவும் சைன் (கையொப்ப) கோப்பையும் இறக்குங்கள். அந்தக் கையொப்பம் சுருக்கப்படாத டார் கோப்புக்கானது. அதனால் எக்ஸ்இசட் சுருக்கத்தை முதலில் விரித்துவிட்டுத்தான் ஜிபிஜி என்ற கருவியால் சரிபார்க்க வேண்டும். நேராக எக்ஸ்இசட் கோப்பைக் கொடுத்தால் நல்ல கோப்பும் தவறு என்றே வரும்.

சரிபார்த்த டாரை விரித்து, அந்தக் கோப்புறைக்குள் போய், இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக்கை (அமைப்புத் தேர்வுகளின் கோப்பை) பூட்டிலிருந்து '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுங்கள். 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தால், புதிதாக வந்த கேள்விகளுக்கு இயல்பான பதிலை அதுவே நிரப்பிவிடும். வேகம் வேண்டுமென்றால் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' இருக்கிறது. அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். என் நான்கு கோர் லேப்டாப்பில் ஒன்றரை மணி நேர வேலை இதனால் 20 நிமிடமாகக் குறைந்தது.

ஆனால் இதில் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அத்தை வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்த பென்டிரைவைச் செருகினேன். செருகிய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி அதன் பெயரைக் காட்டியது, விளக்கும் எரிந்தது, டிஸ்க் மட்டும் வரவில்லை. கான்ஃபிக் எடுத்த நேரத்தில் பென்டிரைவ் எதுவும் செருகியிருக்கவில்லை, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலே உருவாகவில்லை. பழைய கெர்னலில் பூட் செய்துதான் படங்களை எடுத்தேன். அதனால் கான்ஃபிக் எடுக்கும் முன் பென்டிரைவ், பிரிண்டர், ப்ளூடூத் ஹெட்போன், விபிஎன் என்று வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒரு முறை இயக்கிவிடுங்கள்.

அடுத்து, தேர்வுகளை மெனுவாகத் திறக்கும் 'மேக் மெனுகான்ஃபிக்'. லோக்கல் வெர்ஷனில் ஒரு சிறு பெயர் கொடுங்கள். அதே எண்ணில் மறுபடி கட்டும்போது முந்தையதன் மேல் விழாமல் இருக்கும். பிழை தேட உதவும் டீபக் தகவலை அணைத்தால் டிஸ்க் மிச்சம். டெபியன் சான்றிதழ் கோப்பைக் காணோம் என்று கம்பைல் நின்றால், சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் மதிப்பைக் காலியாக்குங்கள்.

சாதாரண பயனராகவே, கோர் எண்ணிக்கையை '-ஜே'வுக்குக் கொடுத்து 'மேக் பின்டெப்-பிகேஜி' ஓட்டுங்கள். ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டாம். மேல் கோப்புறையில் டெபியனில் நிறுவக்கூடிய டெப் கோப்புகள் வரும். அவற்றில் இமேஜும் ஹெடர்ஸும் போதும். கெர்னல் மாறும்போது தானே மறுபடி கட்டப்படும் டிகேஎம்எஸ் மாட்யூல்களுக்கு ஹெடர்ஸ் கட்டாயம்.

நிறுவும் முன் கொஞ்சம் நில்லுங்கள். செக்யூர் பூட் (கையொப்பம் பார்த்தே தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கினால் கையொப்பமில்லாத கெர்னலை அது ஏற்காது. உங்கள் சாவியால் கையொப்பமிடுங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணையுங்கள். அப்புறம், எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று மெனு காட்டும் க்ரப்பின் அமைப்பில் டிஃபால்ட்டை 'சேவ்ட்' என்று மாற்றி, கெர்னல் வரியில் 'பேனிக்=30' (பேனிக், அதாவது மீள முடியாத பிழை வந்தால் 30 நொடியில் மறுதொடக்கம்) சேர்த்து, 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். 'க்ரப்-செட்-டிஃபால்ட்' மூலம் பழைய கெர்னலை நிலையாகக் குறியுங்கள். வரிசை எண்ணால் குறிக்காதீர்கள், புதியது வந்ததும் வரிசை மாறிவிடும். மெனுவில் உள்ள முழுப் பெயரையே கொடுங்கள், அது துணை மெனுவுக்குள் இருந்தால் துணை மெனுவின் பெயர், '>' குறி, கெர்னலின் பெயர் என்று சேர்த்து.

இப்போது டெப் கோப்புகளை நிறுவி, 'க்ரப்-ரீபூட்' மூலம் புதியதை அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். அது பேனிக் ஆனால் 30 நொடியில் தானே மறுபடி தொடங்கி, பழைய கெர்னலில் வந்து நிற்கும். உறைந்து நின்றால் பவரை அணைத்துப் போட்டால் சரி. தொலைவில் இருக்கும் சர்வருக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் நான் கெர்னல் மாற்றுவதே இல்லை.

எழுந்ததும், ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் 'யுநேம் -ஆர்' பாருங்கள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் சிவப்பு வரிகளைப் படியுங்கள். வைஃபை, ஒலி, லேப்டாப்பை மூடித் திறத்தல் மூன்றையும் சோதியுங்கள். ஒரு வாரம் தொல்லையில்லை என்றால் புதியதை நிலையாக்குங்கள். நீங்கள் கட்டிய முந்தைய கெர்னல்களை, டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடியால் நீக்கலாம். டெபியன் தந்த கெர்னலை மட்டும் தொடாதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.