ஹெஸ்டியாவில் வெப்சைட்டை வேறு பயனருக்கு மாற்றுவது எப்படி, மாற்றியதும் சைட் படுத்துவிட்டால் எழுப்புவது எப்படி

விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) வாங்கி, அதை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க ஹெஸ்டியா கண்ட்ரோல் பேனலைப் போட்ட கையோடு நான் செய்த தப்பு, முதல் வெப்சைட்டை அட்மின் கணக்கிலேயே ஏற்றியதுதான். அட்மினுக்கு சர்வர் முழுக்க அதிகாரம் இருப்பதால், தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி சைட்டை அவர் கணக்கில் வையுங்கள் என்று பேனலே எச்சரிக்கும். அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்! நீங்களும் அப்படிச் செய்திருந்தால், பிறகு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். டொமைன் பெயரை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது அதை வாங்கிய நிறுவனத்தில் செய்யும் வேலை. இங்கே பார்ப்பது ஒரே சர்வருக்குள் சைட்டை ஒரு பயனரிடமிருந்து இன்னொரு பயனருக்கு மாற்றுவது மட்டும்தான். பழைய பயனர் அட்மின், புதியவர் ஷாப் என்று வைத்துக்கொள்வோம்.

பேக்கப்

அட்மினாக நுழைந்து பேக்கப் பகுதியில் புதிதாக ஒன்று எடுங்கள். அது சர்வரில் பேக்கப் என்ற ஃபோல்டரில் டார் கோப்பாக உட்காரும். அதை உங்கள் கணினிக்கும் இறக்கிக்கொள்ளுங்கள். சைட் கொஞ்ச நேரம் நிற்கும் என்பதால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மாற்றம்

பேனலில் ஷாப் என்ற பயனரை உருவாக்குங்கள். அந்த டொமைனை அவர் கணக்கில் நீங்களாகச் சேர்க்கப் போகாதீர்கள், ஏற்கெனவே இருக்கிறது என்று பேனல் மறுத்துவிடும். அப்புறம் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக நுழைந்து வி-சேஞ்ச்-டொமைன்-ஓனர் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில், நடுவில் சிறு கோடுகளோடு அடித்து, இடைவெளி விட்டு டொமைன் பெயர், இன்னோர் இடைவெளி விட்டு ஷாப் என்று கொடுங்கள். கட்டளையே இல்லை என்று சொன்னால் சூடோ என்ற கட்டளையோடு இடைவெளி விட்டுச் சிறு கோடும் சிறிய ஐ எழுத்தும் சேர்த்து அடித்து, முழு ரூட்டாக நுழைந்து மறுபடி அடித்துப் பாருங்கள். வெப், டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவு), மெயில் மூன்றும் புதுக் கணக்குக்குப் போய்விடும்.

சைட்டின் பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸ் போகாது, அதற்குத் தனிக் கட்டளை: வி-சேஞ்ச்-டேட்டாபேஸ்-ஓனர், டேட்டாபேஸ் பெயர், ஷாப். ஹெஸ்டியாவில் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் பயனர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் அட்மின்_டிபி என்று இருந்தது இப்போது ஷாப்_டிபி ஆகிவிடும். டேட்டாபேஸ் பயனர் பெயரும் அப்படியே மாறும்.

இப்போது சைட்டைத் திறந்தால்

வேர்ட்பிரஸ் என்றால், டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்ற வெள்ளைப் பக்கம் வரும். பயப்பட வேண்டாம். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கைத் திறந்து டிபி_நேம், டிபி_யூசர் இரண்டிலும் முன்னொட்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு பழையதேதான், அதைத் தொடாதீர்கள்.

என்னை இரண்டு மணி நேரம் அலையவிட்டது இதற்கு அடுத்த பிழை. டேட்டாபேஸைச் சரி செய்த பிறகும் 500 எரர். காரணம் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு பிளகின். அதன் ஃபயர்வாலை முழுதாக இயக்கியிருந்தால், சைட் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் யூசர்.ஐஎன்ஐ என்ற மறைகோப்பில் தன் கோப்பின் முழு முகவரியையும் எழுதி வைத்திருக்கும். ஹோம், அட்மின், வெப் என்று தொடங்கும் அந்த முகவரியில் இப்போது யாரும் குடியில்லை, ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால், வேர்ட்பிரஸை ஓட்டும் பிஹெச்பி அங்கே போய்க் கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும், கதவு திறக்காததால் சைட்டே நின்றுவிடும். அந்த வரியில் அட்மினை ஷாப் என்று மாற்றிச் சேமித்தும் எரர் போகவில்லை! இந்தக் கோப்பை பிஹெச்பி இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் புதிதாகப் படிக்கும் என்பது அப்போது தெரியாமல், சரியாக இருந்ததையும் கலைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் சர்வரில் பிஹெச்பியை இயக்கும் சேவையான பிஹெச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்படிப் பழைய முகவரி வேறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. சைட் ஃபோல்டருக்குள் நின்று, கிரெப் கட்டளையைச் சிறு கோடு, அதையொட்டிச் சிறிய ஆர், எல் என்ற இரு எழுத்துகளோடு ஓட்டி, பழைய ஹோம் பாதையைத் தேடச் சொன்னால் அது இருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டுவிடும். கேஷ் பிளகின் போட்டிருந்தால் டபிள்யூபி-கான்ஃபிக்கிலேயே ஒன்று கிடைக்கலாம். எரர் லாகில் ஓப்பன் பேஸ்டிர் என்று வந்தாலும் சந்தேகத்தை முதலில் இங்கேதான் வையுங்கள், ஏனென்றால் புதுப் பயனரின் பிஹெச்பிக்குப் பழைய பயனரின் ஃபோல்டரில் நுழைய அனுமதி கிடையாது.

சைட் வந்துவிட்டது, ஆனால் பிளகினை அப்டேட் செய்யப் போனால் எஃப்டிபி விவரம் கேட்கிறதா? கோப்புகள் இன்னும் வேறு யாருக்கோ சொந்தம் என்று பொருள். மாற்றும்போது பழைய பயனருக்குச் சொந்தமானவைதான் கைமாறும், எப்போதோ ரூட்டாக நுழைந்து ஏற்றியவை ரூட்டிடமே தங்கிவிடும். பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்கு உள்ளே இருப்பவற்றுக்கு மட்டும் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையைக் கோடு பெரிய ஆர் சேர்த்து, ஷாப்:ஷாப் என்று ஓட்டுங்கள். அனுமதி எண்ணாக ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 போதும். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐக் கொடு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எஸ்எஸ்எல் (சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ்) பெரும்பாலும் கூடவே வந்துவிடும். வரவில்லையென்றால் டொமைனைத் திருத்தும் பக்கத்தில், சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் டிக்கை எடுத்துச் சேமித்து, மறுபடி போட்டுச் சேமியுங்கள். கோபத்தில் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம், ஒரே டொமைன் தொகுப்புக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான் தருவார்கள்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி போட்டு வைத்த கிரான் வேலைகளும் கூடவே வராது. அட்மின் கணக்கில் கிரான் பகுதியைத் திறந்து, இந்தச் சைட்டுக்காகப் போட்டதை ஷாப் கணக்கில் புதுப் பாதையோடு எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள்.