குடும்பப் பெயர் போட்ட போர்பன்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு போர்பன் (மக்காச்சோளம் அதிகம் சேர்த்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி) பாட்டில் கொண்டுவந்தார். முன்பக்கம் மீசைத் தாத்தா படம், ஒரு குடும்பப் பெயர், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. "நாலு தலைமுறையா அவங்களே வடிக்கிறாங்களாம்" என்றார். பாட்டிலைத் திருப்பினேன். பொடி எழுத்தில், இண்டியானா மாநிலத்தில் வடித்தது என்று இருந்தது. தாத்தாவோ கென்டக்கி மாநிலத்துக்காரர்.

குடும்பப் பெயர் இருந்தால் அந்தக் குடும்பமே வடித்தது என்று நம்புவதுதான் போர்பன் வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. பின் லேபிளில் 'டிஸ்டில்ட் பை' என்று இருக்கிறதா, வெறும் 'பாட்டில்ட் பை', 'புரொட்யூஸ்ட் பை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னவை மட்டும் இருந்தால் வடித்தது வேறு யாரோவாக இருக்கலாம்.

அதற்காக, வாங்கி விற்ற சரக்கு என்றாலே மட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறு. கென்டக்கியின் பார்ட்ஸ்டவுன் ஊரில் வில்லெட் குடும்பம் 1936-இல் வடிசாலை கட்டியது. எண்பதுகளின் தொடக்கத்தில் வடிப்பது நின்றுபோனது. 1984-இல் அந்த வீட்டு மருமகன் ஈவன் குல்ஸ்வீன் இடத்தை வாங்கி, வெளியிலிருந்து பீப்பாய்களை வாங்கி, தேர்ந்தெடுத்து அடைத்து விற்றார். சொந்தமாக மறுபடி வடிக்கத் தொடங்கியது 2012-இல்தான். இடைப்பட்ட காலத்துப் பாட்டில்களைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். நல்ல பீப்பாயை அடையாளம் காணும் நாக்கும் ஒரு குடும்பச் சொத்துதான்.

அதே ஊரின் ஹெவன் ஹில் வடிசாலை இன்னொரு விதம். 1935-இல் தொடங்கியது, ஷபிரா குடும்பத்தின் கையில்தான் இன்றும் இருக்கிறது. ஆனால் முதலாளி ஷபிரா என்றால், அடுப்படியில் பல காலம் நின்று வடித்தவர்கள் பீம் குடும்பத்தினர். ஜிம் பீம் என்ற பிரபல போர்பனின் அதே பீம் உறவுக்கூட்டம்தான். 1996 நவம்பரில் தீப்பிடித்து வடிசாலையோடு சுமார் 90,000 பீப்பாய்களும் எரிந்தன. மற்ற வடிசாலைகள் கைகொடுக்க, 1999-இல் லூயிவில் நகரில் வேறொரு வடிசாலையை வாங்கும் வரை இவர்களுக்கு வடிக்கச் சொந்த இடமே இல்லை. அந்தச் சில வருடச் சரக்கை யாருடைய குடும்பச் சரக்கு என்று சொல்வது?

'பாட்டன் காலத்துச் செய்முறை' என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. மருந்துக்கென்று அனுமதி பெற்ற சிலர் தவிர எல்லோரும் கடையை மூடினார்கள். மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பனைத் தொடங்கிய பில் சாமுவேல்ஸ் 1953-இல் லொரெட்டோ ஊரில் வடிசாலை வாங்கியபோது, பழைய குடும்பச் செய்முறையை எரித்தே போட்டார் என்று அந்தக் குடும்பமே சொல்கிறது. புதிய தானியக் கலவையைப் பீப்பாயில் போட்டுச் சோதித்தால் முடிவு தெரிய வருடக்கணக்கில் ஆகும். அதனால் அதே கலவைகளில் ரொட்டி சுட்டுத் தின்று பார்த்தார்களாம். ரை என்ற தானியத்துக்குப் பதில் கோதுமை ஜெயித்தது.

அந்தக் கோதுமை விஷயத்தில்தான் பாணிகளின் சூட்சுமம் இருக்கிறது. போர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். முளைகட்டிய பார்லி கொஞ்சம். மீதி இடத்தில் ரை வந்தால் மிளகு, கிராம்பு போல ஒரு காரம் நாக்கில் நிற்கும். கோதுமை வந்தால் மெத்தென்று இருக்கும். காரம் விலகிக்கொள்ள, சோளத்தின் இனிப்பு முன்னால் வரும். ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு "எனக்குப் போர்பன் ஒத்துவராது" என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் குடித்திருப்பார்கள். மற்றதையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

காசு அதிகம் வீணாவது வயதில். ஸ்காட்ச் பழக்கத்தில் 18 வருடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில், குளிர்ந்த ஊரில் உறங்குகிறது. போர்பனுக்கோ உள்ளே கருக்கிய புது ஓக் கலம் சட்டப்படி கட்டாயம். கென்டக்கிக் கோடையில் கிடங்கின் மேல்தளம் கொதிக்கும். சரக்கு மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். பல வருடம் விட்டால் பாதிப் பீப்பாய் ஆவியாகிவிடுவதும் உண்டு, மிஞ்சியது மரத்தூளை ஊறவைத்த கஷாயம் போல் ஆவதும் உண்டு. நான் அதிக விலை கொடுத்து ஏமாந்தது அப்படி ஒரு பாட்டிலில்தான். என் கணக்கில் 6 முதல் 12 வருடம் போதும். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டு வயதே குறிப்பிடவில்லை என்றால் குறைந்தது 4 வருடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளில் வரும் 'ஸ்மால் பேட்ச்' (சிறு தொகுதி) என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' அப்படியில்லை. 1897-இல் வந்த சட்டம் அது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம், 100 புரூஃப், அதாவது 50 சதவீதம் ஆல்கஹால். வடித்த வடிசாலையின் எண்ணும் லேபிளில் இருக்கும். தாத்தா படத்தை விட அந்த எண்ணை நம்பலாம்.

லேபிளில் 'சவர் மாஷ்' (புளித்த ஊறல்) என்று இருந்தாலும் சரக்கு புளிக்காது. முன்பு வடித்த ஊறலின் மிச்சத்தைப் புது ஊறலில் சேர்ப்பது அது. தயிருக்கு உறை ஊற்றுவது போல என்று விளக்குவார்கள், அதுவும் சரியில்லை. வடித்ததில் ஈஸ்ட் எப்போதோ செத்திருக்கும். ஊறலின் அமிலத்தன்மையைச் சீராக வைக்கத்தான் அது.

அப்புறம், கென்டக்கியில் செய்தால்தான் போர்பன் என்று வாதாட வேண்டாம். அமெரிக்காவில் எங்கு செய்தாலும் போர்பன்தான்.

ஆல்கஹால் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்கை அப்படியே வாயில் ஊற்றி வீரம் காட்டுவதும் வேண்டாம். நாக்கு மரத்துவிட்டால் ரை ஏது, கோதுமை ஏது? சில சொட்டுத் தண்ணீர் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள். மிச்சத்தை நிமிர்த்தியே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் கார்க் கெட்டுவிடும்.