மாலத்தீவில் இறங்கும்போது தீவுகளைப் பார்க்க எந்தப் பக்கத்து ஜன்னல்?

முதன்முறை மாலே போனபோது கூடுதல் பணம் கட்டி வலப்பக்க ஜன்னல் இருக்கையை வாங்கினேன். இறங்கும் நேரம் முழுவதும் எனக்குக் கிடைத்தது வெறும் கடல். இடப்பக்கத்தில் இருந்தவர்களோ கைப்பேசியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை. அடுத்த பயணத்துக்கு முன்பு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த முறை தவறவில்லை.

1. பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். காலை நேரம் இன்னும் நல்லது. காரணம் கீழே வருகிறது.

2. விமான நிலையம் ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. ஓடுபாதை ஒன்றே, வடக்கு தெற்காக நீள்கிறது. தீவு, வட மாலே அடோலின் தென்கிழக்கு விளிம்பில் கிடக்கிறது. (அடோல் என்பது வளையமாக அமைந்த தீவுக்கூட்டம், உலகம் இந்தச் சொல்லைத் திவேஹி மொழியிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.) ஆகவே தீவுகளில் பெரும்பாலானவையும், கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் மாலே நகரமும் மேற்குப் பக்கம். கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே திறந்த கடல் தொடங்கிவிடும். நமக்கு வேண்டியது மேற்கு ஜன்னல்.

3. மேற்கு என்பது இடமா வலமா? நான் சறுக்கிய இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். ஓடுபாதையின் ஒரு முனைக்கு எண் 18, மறுமுனைக்கு 36. எண்ணோடு ஒரு சுழியைச் சேர்த்தால் விமானம் நோக்கும் திசை கிடைக்கும்: 360 என்றால் வடக்கு, 180 என்றால் தெற்கு. 36 என்றால் வடக்கிலிருந்து வருவது என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு, வடக்கு நோக்கிப் போவது. அப்போது மேற்கு இடப்பக்கம். 18 என்றால் வலப்பக்கம்.

எதில் இறங்கும் என்பதைப் பெரும்பாலும் காற்று முடிவு செய்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில் (METAR) காற்றின் முதல் மூன்று இலக்கங்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்பவை. நாம் காற்றுக்குப் பெயர் வைத்த முறையும் அதுவே: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். வாடை என்றால் இடம், தென்றல் என்றால் வலம். 020 என்று இருந்தால் வாடை, இடப்பக்கம் எடுங்கள். காற்று நேர் மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வீசினால் இந்தக் கணக்கு உதவாது.

அதனால் நான் வானிலை அறிக்கையைவிட ஃப்ளைட்ரேடார்24 தளத்தையே நம்புகிறேன். உங்கள் விமானம் முந்தைய நாட்களில் எப்படி இறங்கியது என்று வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள். நாலு நாளும் ஒரே திசை என்றால் துணிந்து இருக்கையை எடுக்கலாம்.

4. இறக்கைக்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் இருந்தால் எஞ்சினின் சூட்டுக் காற்றில் தீவுகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். வரிசையைத் தேர்ந்தெடுக்க ஏரோலோபா தளம் என் விருப்பம். ஒவ்வொரு ஜன்னலும் எந்த இருக்கைக்கு நேராக வருகிறது என்றே வரைந்து காட்டுகிறது. போயிங் 737 வகைகளில் இறக்கைக்கு முன்னால் ஜன்னலே இல்லாத ‘ஜன்னல் இருக்கை’ உண்டு. குளிர்சாதனக் குழாய் அந்தச் சுவர் வழியாகப் போகிறது.

5. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் மேற்கு ஜன்னலில் கண் கூசாது. அடோலுக்குள் ஆழமில்லாத இடம் வெளிர்பச்சையாகவும், பவளப்பாறை முடியும் விளிம்பில் சட்டென்று கருநீலமாகவும் மாறுவது தெளிவாகத் தெரியும். மாலையில் வெயில் முகத்தில் அடித்து அந்த நிறங்களெல்லாம் வெளுத்துவிடும். போலராய்டு கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். போட்டிருந்தால் ஜன்னலில் வானவில் திட்டுகள் தெரியும்.

பிற்சேர்க்கை: வலப்பக்க ஜன்னல் இருக்கையின் எழுத்து ‘எஃப்’ என்று முன்பு எழுதியிருந்தேன். அதை நம்பிப் பெரிய விமானத்தில் எஃப் எடுத்த வாசகர் நடு வரிசையில் மாட்டிக்கொண்டார். மன்னிக்க வேண்டும். ஒரே நடைபாதை உள்ள விமானத்தில் மட்டும்தான் எஃப். இரண்டு நடைபாதை உள்ளவற்றில் வலது ஜன்னல் பெரும்பாலும் கே.

திரும்பும்போது பக்கத்தை மாற்ற வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். காற்று மாறவில்லை என்றால் விமானம் இறங்கிய அதே திசையில்தான் மேலே ஏறும். வரும்போது இடம் என்றால் போகும்போதும் இடம்தான்.