பழைய தொட்டியில் கடல் மீன்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

தொட்டி, ஸ்டாண்டு, பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார்) எல்லாம் பழையதாகவே வாங்குங்கள், தப்பில்லை. தண்ணீரிலும் உப்பிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் ஊரில் கடல் மீன் பிழைப்பதும் சாவதும் அங்கேதான்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரமுள்ள தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். மூலைகளில் சிலிக்கான் பசை உரிகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய செய்தித்தாள் விரித்து, மேலே தொட்டியை வைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி விடுங்கள். தாள் நனைந்தால் வேண்டாம். உப்புக் கறையை வினிகர் போட்டுத் தேயுங்கள், சோப்பு கூடாது. முன்பு மீன் நோய்க்குக் காப்பர் (செம்பு) மருந்து போட்டார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். போட்டிருந்தால் அந்தத் தொட்டியில் இறால், நத்தை விடாதீர்கள். பழைய மணல், கல்லை எப்படியும் எறிந்துவிடுங்கள்.

நிரப்பினால் மொத்த எடை 80 கிலோவை நெருங்கும். கிரானைட் பலகை போட்ட திண்டு நல்லது, அது நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் வையுங்கள்.

இனி தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குழாய்த் தண்ணீரிலோ குளோரின் இருக்கும். எனவே ஆர்ஓ ஃபில்டரில் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 10-க்குக் கீழே. வீட்டு ஆர்ஓவில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே கலந்துவிடும் திருகு இருக்கலாம். மெக்கானிக்கிடம் சொல்லி அதை மூடச் சொல்லுங்கள்.

கல் உப்பு உதவாது. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு மட்டுமே. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த மீன் தொட்டிக் கடல் உப்பை வாங்கி, லிட்டருக்குச் சுமார் 36 கிராம் வீதம் தனி வாளியில் போட்டு, பவர்ஹெட்டை ஓட்டி ஓர் இரவு கலக்குங்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

பாக்டீரியா தங்குவதற்கான செராமிக் பாறையை அடுக்கி, கடல் தொட்டி மணல் பரப்பி, அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். சின்ன இறால் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். அழுகும் இறாலில் இருந்து, மீனுக்கு விஷமான அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை ஒரு மீன்கூட விடாதீர்கள்.

அப்புறம் ஒரு ஜோடி கிளவுன் மீன் போதும். பொரிப்பகத்தில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இதற்கான நுட்பத்தை வளர்த்திருக்கிறது. கடலில் இருந்து பெயர்த்த பவளம், கடல் குதிரை, கடல் அட்டை யார் கொடுத்தாலும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கோடையில் தண்ணீர் 27 டிகிரிக்கு மேல் போனால் மேற்பரப்பின் மீது சின்ன ஃபேன் ஓடட்டும். தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். வாரம் 5 லிட்டரை எடுத்துப் புது உப்புநீர் ஊற்றுங்கள். கரண்ட் போனால் ஓட, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.