எல்இடி டியூப் மாத்தப் போறீங்களா? மொதல்ல பிட்டிங்கத் தொறங்க

போன வாரம் எங்க வேலைக்குப் புதுசா வந்த தம்பி சிங்கப்பூர் பாலஸ்டியர் ரோட்டுல 30 எல்இடி டியூப் வாங்கி வேன்ல ஏத்திக்கிட்டு வந்தான். "ஆஃபர்ல கெடச்சதுண்ணே"ன்னு ஒரே சந்தோஷம். "மேல என்ன பாலாஸ்ட் இருக்கு, பார்த்தியா?"ன்னு கேட்டேன். பாலாஸ்ட்னா பிட்டிங்குக்குள்ள டியூபுக்குப் போற கரண்ட கட்டுப்படுத்துற சாமான், பழசுல இரும்புச் சோக்கு, புதுசுல எலக்ட்ரானிக். அவன் முழிச்ச முழி இருக்கே, எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் முழிச்ச அதே முழி.

எல்லாருக்கும் இப்ப அவசரந்தான். பாதரசத்தக் கட்டுப்படுத்துற மினமாட்டா உலக ஒப்பந்தத்துல 2023ல எடுத்த முடிவுப்படி 2027க்குள்ள பாதரசம் இருக்குற பழைய நீட்டு டியூப்லைட் தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் நிக்கப்போகுது, அதனால மாத்தித்தான் ஆகணும். சுவிட்ச ஆஃப் பண்ணு, நீளத்த அளன்னு நான் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். மாத்தும்போது நடக்குற தப்புகளத்தான் சொல்றேன்.

பிட்டிங்கத் தொறக்காமலே வாங்குறது

இதுதான் இன்னமும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு டியூஷன் சென்டர், 24 லைட்டு, எல்லாம் நாலடி 36 வாட்ஸ். கீழ நின்னு அண்ணாந்து பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, நேரா கடைக்குப் போய் 24 டியூப் வாங்கிட்டேன். பெட்டியில 'ஈஎம்/மெயின்ஸ்'னு போட்டிருந்தது, படிச்சேன், ஆனா மண்டையில ஏறல. அதோட அர்த்தம் என்னன்னா பழைய இரும்புச் சோக்குலயோ இல்ல நேரா 230 வோல்ட்லயோ ஓடுற டியூப்னு அர்த்தம். மேல இருந்ததோ எலக்ட்ரானிக் பாலாஸ்ட், அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட அப்படியே குடுக்காது, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல தள்ளும், அதுக்குன்னு செய்யாத டியூப மாட்டுனா உள்ள இருக்குற டிரைவர் சர்க்யூட் தாங்காது. பாதி டியூப் எரியவே இல்ல, சிலது கண்ணடிச்சுச்சு, ரெண்டுல கருகுன வாடை. சாயங்காலம் பிள்ளைங்க வகுப்புக்கு வந்துருவாங்க, நான் ஏணி மேல நின்னு பழைய டியூபையே திரும்ப மாட்டிக்கிட்டு இருக்கேன். கடைக்காரர் பிரிச்ச பெட்டியத் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார், 300 வெள்ளிக்கு மேல என் கையிலேர்ந்து போச்சு. அவர் மேல தப்பில்ல, பெட்டியில தெளிவாத்தான் போட்டிருந்துச்சு.

கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஸ்டார்ட்டர் இருந்து, சுவிட்ச போட்டதும் ரெண்டு மூணு தடவ சிமிட்டிட்டு எரிஞ்சா சோக்கு. ஸ்டார்ட்டரே இல்லாம சட்டுனு எரிஞ்சா பெரும்பாலும் எலக்ட்ரானிக். போன் கேமராவ லைட்டுப் பக்கம் காட்டுனா சோக்கு லைட்டுல பட்டை பட்டையா ஓடும். ஆனா இதெல்லாம் யூகந்தான், மூடியக் கழட்டி பாலாஸ்ட் மேல இருக்குற லேபிளப் படிச்சாத்தான் உறுதி. எலக்ட்ரானிக்னா அதுல ஓடுறதுக்குன்னே செஞ்ச டியூப் இருக்கு, ஆனா உங்க பாலாஸ்ட் மாடல் நம்பர் டியூப் கம்பெனி குடுக்குற லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. நாளைக்கு அந்த பாலாஸ்ட் போச்சுன்னா புது டியூபும் இருட்டுதான், அதனால பழைய பிட்டிங்னா பாலாஸ்டயே எடுத்துட்டு நேரடியா வயர் பண்றதுதான் எனக்குப் பிடிக்கும். அது லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, யூடியூப் பார்த்து நீங்களே கைய வைக்காதீங்க.

பழைய ஸ்டார்ட்டர அப்படியே விடுறது

சோக்கு பிட்டிங்ல பழைய ஸ்டார்ட்டரக் கழட்டிட்டு அந்த இடத்துல போடறதுக்குன்னு டியூபோட வர்ற டம்மி ஸ்டார்ட்டரக் குப்பையில போட்டுட்டு, "லைட்டு எரியல"ன்னு போன் பண்றவங்க இருக்காங்க.

எந்த முனையில கரண்ட்டுன்னு பார்க்காதது

நிறைய டியூப்ல லைவும் நியூட்ரலும் ஒரே முனையிலதான் போகும், அடுத்த முனையில ரெண்டு பின்னும் உள்ளயே சேர்ந்திருக்கும். சோக்குல டம்மி ஸ்டார்ட்டரோட மாட்டுனா எப்படிப் போட்டாலும் ஓடும். நேரடியா வயர் பண்ண பிட்டிங்ல தலைகீழா மாட்டுனா ஷார்ட். ஒரு சாப்பாட்டுக் கடையில மத்தியான நேரத்துல இப்படி மாட்டி பிரேக்கர் விழுந்து, சமையல்காரர் கரண்டியோட வெளிய வந்து என்னையப் பார்த்தார் பாருங்க! அதுலேர்ந்து எந்தப் பக்கம் லைவ், இனி பழைய டியூப் போடக்கூடாதுன்னு பிட்டிங்லயே ஸ்டிக்கர் ஒட்டிருவேன்.

ஆபீஸ் சீலிங்ல ரெண்டடி டியூப்

ரெண்டு 18 வாட்ஸ் டியூப் ஒரே சோக்குல வரிசையா ஓடிட்டு இருக்கும். எல்லா எல்இடியும் இதுக்கு ஒத்துவராது, பெட்டியில இருக்குற வயரிங் படத்தப் பாருங்க.

வாட்ஸ மட்டும் பார்க்குறது

வெளிச்சம் எவ்வளவுன்னு சொல்ற லூமன் பாருங்க. பழசு சுத்தி வெளிச்சம் குடுத்துச்சு, இது பெரும்பாலும் கீழ மட்டுந்தான்.

கலர்

பெட்டியில 6500கே (கெல்வின்)னு போட்டிருக்குற பளிச் வெள்ளை எல்லாருக்கும் பழகிருச்சு. படுக்கை ரூமுக்கு வேணாம்லா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

பழைய டியூப்

உள்ள பாதரசம். உடைக்காதீங்க, பிளாக்குல குப்பை போடுற ரப்பிஷ் சூட்ல தள்ளாதீங்க.

தம்பி கதைக்கு வர்றேன். அன்னைக்கே அவனோட போய் பிட்டிங்கத் தொறந்தோம். 22ல சோக்கு, 8ல எலக்ட்ரானிக். எட்டு பெட்டியும் பிரிக்காம இருந்ததால கடையில மாத்திக் குடுத்துட்டாங்க.